மசுந்தே: அப்பா அம்மாவோடு ஐந்து நாள், எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது?

ஹூஸ்டன்வாசி கேட்டது:

வணக்கம் மக்களே. டிசம்பர் இரண்டாவது வாரம் மெக்சிகோவில் வஹாகா மாநிலத்து மசுந்தேவுக்குப் போகலாம் என்று டிக்கெட் போட்டுவிட்டேன். வாதுல்கோ விமான நிலையம் வரைதான் திட்டம், அதற்கப்புறம் என்ன என்று இன்னும் யோசிக்கவே இல்லை. நான், மனைவி, ஏழு வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். அப்பாவுக்கு முட்டி வலி, ஆனாலும் கடலைக் கண்டால் கால் நனைக்காமல் திரும்பமாட்டார், மெரினாவிலேயே ஒரு ஜோடி செருப்பைக் கடலுக்குக் கொடுத்தவர். இணையத்தில் தேடினால் யோகாவும் அந்திச் சூரியனும்தான் படம் படமாக வருகின்றன, உருப்படியான தகவல் ஒன்றும் இல்லை. யாராவது போயிருக்கிறீர்களா? இன்னொன்று, பெற்றோர் அமெரிக்க விசிட்டர் விசாவில் இருக்கிறார்கள், மெக்சிகோவுக்குத் தனியாக விசா எடுக்க வேண்டுமா?

ஆமைநடை எழுதியது:

இரண்டு குளிர்காலம் அங்கே தங்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் விசா. இந்திய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. ஆனால் மெக்சிகோவில் இறங்கும் நாளில் அந்த விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், தேதியை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

வாதுல்கோவிலிருந்து ஊர் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஐந்து பேர், பெட்டிகள் என்றால் பேசாமல் டாக்ஸி பிடித்துவிடுங்கள், ஏறும் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். தனியாளாக இருந்தால் நெடுஞ்சாலையில் பஸ் ஏறி போச்சுத்லாவில் இறங்கி, அங்கிருந்து கமியோனேத்தா பிடிக்கச் சொல்லியிருப்பேன். அது பிக்கப் வண்டிதான், பின்னால் இரண்டு பக்கமும் பலகை, மேலே தார்ப்பாய், நடுவில் யாராவது வாங்கிவந்த கோழித்தீவன மூட்டை. எப்படி இறங்குவது என்று முதல் நாள் எனக்குத் தெரியவில்லை, எதிரே இருந்த பாட்டிதான் என் சார்பாக டிரைவர் தலைக்கு மேலிருக்கும் தகரத்தைத் தட்டினார். ஊருக்குள் சுற்ற அப்பா அம்மாவை இதில் ஒரு முறையாவது ஏற்றுங்கள். பெசோ நோட்டு கையில் நிறைய இருக்கட்டும். கார்டு எல்லா இடத்திலும் ஓடாது, வங்கிகள் எல்லாம் போச்சுத்லாவில்தான்.

இனி கடல். இதுதான் முக்கியம். மசுந்தே நல்ல கடற்கரை, ஆனால் அது திறந்த பசிபிக், மெரினா மாதிரியே ஏமாற்றும். மேற்கு முனையில் ரின்கொன்சித்தோ என்ற மூலை இருக்கிறது, பாறை மறைப்பதால் அலை கொஞ்சம் அடங்கியிருக்கும், மகள் அங்கே விளையாடலாம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மெர்மெஹித்தா பார்க்க அவ்வளவு அழகு, நீரில் மட்டும் இறங்கவே கூடாது. முழங்கால் அளவுதானே என்று நின்றிருந்தேன். அலை திரும்பும்போது காலுக்கடியில் இருந்த மணல் மொத்தமாக உருவிக்கொண்டு போனது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அடுத்த அலை முதுகில் அறைந்து பத்தடி உருட்டியது. கண்ணாடி போனது, முழங்கை தேய்ந்தது, அத்தோடு தப்பித்தேன். உங்கள் அப்பாவை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அந்திச் சூரியனுக்கு புந்தா கொமேத்தா, வஹாகா மாநிலத்தின் தென்கோடி முனை. நடை அரை மணி நேரத்துக்குள்தான், ஆனால் ஏற்ற இறக்கம் உண்டு, வழியெல்லாம் வேரும் கல்லும். முட்டி வலிக்காரருக்கு ஏறுவதைவிட இருட்டில் இறங்குவதுதான் பாடு. டார்ச் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் அவரைக் கீழே கடற்கரையிலேயே உட்கார வையுங்கள், அங்கிருந்தும் வானம் அதேதான்.

கடலோரக்காகம் எழுதியது:

மேலே சொன்னவர் ஊர்ப்பாசத்தில் பேசுகிறார் என்று நினைக்கிறேன். முட்டி வலியும் சின்னப் பெண்ணும் என்றால் நான் மசுந்தேவில் தங்கவே மாட்டேன். பல விடுதிகள் மலைச்சரிவில் படிக்கட்டு வைத்துக் கட்டிய ஓலைக் கொட்டகைகள், கொசுவலைக்குள் படுக்கை, காற்றாடி இருந்தால் அதிர்ஷ்டம். இளசுகளுக்குச் சரி. இறங்குகிற வாதுல்கோவிலேயே ஒன்பது விரிகுடாக்கள் இருக்கின்றன. லா என்த்ரேகா கடற்கரையில் தண்ணீர் குளம்போல நிற்கும், கரைக்குப் பக்கத்திலேயே பவளப்பாறை, மகளுக்கு ஒரு நீச்சல் கண்ணாடி போதும். அரசாங்கம் 1980களில் திட்டம் போட்டு எழுப்பிய ஊர் என்பதால் நடைபாதை, ஏசி எல்லாம் ஒழுங்காக இருக்கும். உயிரோட்டம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அங்கே தங்கி மசுந்தேவுக்கு ஒரு நாள் போய்வரலாமே.

ஆமைநடை எழுதியது:

ஒரு நாளில் போய்வந்தால் வெயிலும் வண்டியும்தான் மிஞ்சும். நடுவழி ஒன்று சொல்கிறேன்: சான் அகுஸ்தினியோவில் தங்குங்கள். மசுந்தேவுக்குக் கிழக்கே ஒட்டியே இருக்கும் மீனவர் ஊர், அலை கொஞ்சம் சாந்தம். முன்பதிவு செய்யும்போது "தரைத்தளம், கடற்கரைப் பக்கம், படிக்கட்டு வேண்டாம்" என்று எழுதிக் கேளுங்கள். காலையில் அங்கிருந்தே படகில் கூட்டிப்போவார்கள், டால்பின் தென்படும், டிசம்பரில் திமிங்கிலமும் வரத் தொடங்கியிருக்கும்.

இந்தப் பக்கத்து ஊர்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்குப் பிடிக்கும். ஒரு காலத்தில் ஆமை வேட்டைதான் இங்கே பிழைப்பு, சான் அகுஸ்தினியோவிலேயே ஆமை அறுக்கும் கூடம் இருந்தது. 1990இல் அரசு முழுத்தடை போட்டதும் கூடம் மூடியது, ஊருக்கு வருமானம் போனது. அப்புறம்தான் மசுந்தேவில் ஆமை மையம் வந்தது. பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து சோப்பு, தைலம், முகப்பூச்சு செய்யத் தொடங்கினார்கள், அந்தக் கடை இன்னும் இருக்கிறது, ஊருக்கு வாங்கிப்போக வேண்டியதை அங்கேயே வாங்கிவிடுங்கள். உலகின் ஏழு வகைக் கடலாமைகளில் ஆறு மெக்சிகோ கரைகளில் முட்டையிடுகின்றன, மையத்துத் தொட்டிகளில் கடலாமைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இங்கே கோல்ஃபீனா என்று அழைப்பது வேறு எதுவும் இல்லை, நம் சென்னைக் கரைக்கு வரும் பங்குனி ஆமையேதான்.

மேற்கே சில கிலோமீட்டரில் வெந்தானியா. அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போகலாம், மோட்டார் கிடையாது. ஊர்க் கூட்டுறவே நடத்துகிறது. முதலை, இகுவானா, கொக்கு எல்லாம் உண்டு, நடக்க வேண்டியதும் குறைவு. 1997இல் பவுலினா புயல் அந்தக் காட்டை அழித்துவிட்டுப் போக, ஊர்க்காரர்களே நாற்று நட்டு வளர்த்திருக்கிறார்கள்.

புளித்தண்ணி எழுதியது:

சைவச் சாப்பாட்டுக்கு என் அனுபவம், நானும் முட்டை சாப்பிடாதவள்தான். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அங்கே போதாது. ப்ரிஹோல் என்கிற அவரைக் கூட்டைப் பல வீடுகளில் பன்றிக்கொழுப்பில்தான் தாளிப்பார்கள், சோற்றைக் கோழிச்சாறில் வேகவைப்பார்கள். த்லாயூதா என்று நம் ஊர் தோசைக்கல் அகலத்துக்கு மொறுமொறுவென்று சோளரொட்டி வரும், அதில் முதலில் தடவுவதே அசியெந்தோ என்ற பன்றிக்கொழுப்பு வண்டல். "சின் அசியெந்தோ, சின் மான்தேகா, சின் கால்தோ தே போயோ" என்று மூன்றையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், அதாவது அந்த வண்டல் வேண்டாம், பன்றிக்கொழுப்பு வேண்டாம், கோழிச்சாறு வேண்டாம். சிரித்துக்கொண்டே வேறு செய்து தருவார்கள். காலையில் மெமேலா கேளுங்கள், கனமான சோள அடை, மேலே அவரை விழுது, நூல்நூலாகப் பிரியும் கெசியோ சீஸ். அங்கேயும் கொழுப்பைத் தடவிக் கல்லில் போடுவார்கள், அதே மந்திரம்தான்.

இன்னொன்று. என் அத்தையைக் கூட்டிப்போனபோது குவாக்கமோலே வந்தது, மேலே ஏதோ செந்நிறத்தில் வறுத்துத் தூவியிருந்தார்கள். "வறுத்த வெங்காயமா, நல்லா உப்பும் புளிப்புமா இருக்கே" என்று இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டார். நான் குனிந்து பார்த்தால் கால் தெரிகிறது. சாபுலின், வெட்டுக்கிளி. இன்றுவரை அத்தையிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். ஆகவே "சின் சாபுலினேஸ்" நான்காவது.

குடிக்க அகுவா தே தமரிந்தோ, சர்க்கரை போட்ட புளித்தண்ணீர், வெயிலுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. மிளகாய் தடவிய புளி மிட்டாயும் விற்கும், அம்மா ஒரு பொட்டலத்தோடு நிறுத்தமாட்டார்.

கடலோரக்காகம் எழுதியது:

சரி, சான் அகுஸ்தினியோ என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன். சிபோலிதேவை மட்டும் யாரும் சொல்லவில்லையே. அடுத்த கடற்கரைதான், நடந்து பார்க்கலாம் என்று அப்பாவே கிளம்பிவிடப் போகிறார். அது நிர்வாணக் கடற்கரை, முதலிலேயே தெரிந்திருந்தால் நல்லது. உள்ளிழுப்பும் மோசம், காவலர்கள் கொடி நட்டுவைத்திருப்பார்கள், கொடியை மதியுங்கள். எங்கேயாவது இழுத்துப்போனால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். அப்புறம் காலையில் செருப்பை உதறிப் போடுங்கள், தேள் உண்டு.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சான் அகுஸ்தினியோவில் மூன்று இரவு, திரும்பும் முன் வாதுல்கோவில் இரண்டு என்று மாற்றிவிட்டேன். மகள் ஆமைக்குஞ்சு கடலுக்குப் போவதைப் பார்க்க வேண்டும் என்கிறாள், டிசம்பரில் முடியுமா? பக்கத்தில் வஹாகா நகரத்தையும் சேர்க்கலாமா?

ஆமைநடை எழுதியது:

குஞ்சு பொரித்து வரும் காலம்தான் அது. மாலையில் விடுவார்கள், எங்கே எப்போது என்று விடுதியில் கேட்டால் சொல்வார்கள். கையில் தூக்கித் தர முன்வந்தாலும் வாங்காதீர்கள், சன்ஸ்கிரீன், கொசு மருந்து பட்ட கை அதற்கு ஆகாது, தானாக மணலில் நடந்து போகட்டும். பெரிய ஆமைகள் ஆயிரக்கணக்கில் கரையேறுவது எஸ்கோபியா கடற்கரையில், அது பாதுகாக்கப்பட்ட இடம், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. எந்த இரவு வரும் என்பதை ஆமைதான் முடிவு செய்யும்.

வஹாகா நகரம் இந்த முறை வேண்டாம். 2024இல் புது நெடுஞ்சாலை திறந்த பிறகு அங்கிருந்து புவெர்த்தோ எஸ்கோந்திதோ என்ற கடற்கரை ஊருக்கு மூன்று மணி நேரம் போல ஆகிறது, ஆனால் அந்த ஊரிலிருந்து மசுந்தே பக்கம் வர உங்களுக்கு மேலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பழைய மலைப்பாதையில் ஒரு முறை வந்தேன், வளைவுக்கு வளைவு வேனில் யாராவது ஒருவர் பை கேட்டுக்கொண்டே இருந்தார்.

செருப்பு மட்டும் அப்பாவுக்கு இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள்.