உணவுப் பொட்டலத்தோடு கைப்பிரதி சேர்க்கலாமா?

இராயபுரம் சேகரத்தான்:

எங்கள் சபையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர், எட்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை இரவுகளில் வடசென்னையிலுள்ள ஓர் அரசு மருத்துவமனை வாசலுக்குப் போகிறோம். உள்ளே படுத்திருக்கும் நோயாளிகளுக்குத் துணையாக வெளியூர்களிலிருந்து வந்து, நடைபாதையிலேயே உறங்கும் உறவினர்களுக்குச் சாப்பாடும் வெந்நீரும், மழைக்காலத்தில் பாயும் கொடுத்து வருகிறோம். சென்ற மாதம், சபையை நிர்வகிக்கும் எங்கள் சேகரக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இனி ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சபையின் பெயரும் ஒரு வேத வசனமும் ஒட்டப்பட வேண்டும், கூடவே எங்கள் விசுவாசத்தை எடுத்துச் சொல்லும் அச்சுத்தாளான ஒரு கைப்பிரதியும் கொடுக்கப்பட வேண்டும் என்பது அது.

தீர்மானத்துக்குப் பின் வந்த முதல் சனிக்கிழமையே, மகனைச் சேர்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி பொட்டலத்தைக் கையில் வாங்காமல், "இத வாங்கினா உங்க கோயிலுக்கு வரணுங்களா?" என்று என்னிடம் கேட்டார். எட்டு ஆண்டுகளில் எவரும் கேட்காத கேள்வி அது. "வேண்டியதில்லை அம்மா" என்று சொல்லிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிறருக்குச் செய்யும் சேவையே விசுவாசத்தின் அறிக்கை என்றுதான் நான் நம்புகிறேன். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வலதுபக்கம் நிறுத்தப்படுகிறவர்கள், பசித்தவருக்கு உணவு கொடுத்தபோது அதை ஆண்டவருக்கே செய்கிறோம் என்று அறியாதவர்கள். அறியாமல் செய்ததையே அவர் ஏற்றுக்கொள்கிறார். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று சொன்னவரின் பெயரால், இரண்டு கைகளும் அறியும்படி அச்சடித்து ஒட்டுவது எப்படிச் சரியாகும்? குழுவுக்குக் கடிதம் எழுதுமுன் மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பெரம்பூர் ஊழியன்:

ஐயா, ஸ்தோத்திரம். உங்கள் எட்டு ஆண்டு உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் உங்கள் முடிவு தவறு என்று கருதுகிறேன்.

நீங்கள் எடுத்துக்காட்டிய இடதுகை வசனம் மத்தேயு 6இல் இருக்கிறது. அதற்கு ஓர் அதிகாரம் முன்னே, மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பரலோகத்திலிருக்கிற பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கக்கடவது என்று அதே மலைப்பிரசங்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். யாருடைய பெயரால் கொடுக்கிறோம் என்பதைச் சொல்லாமல் கொடுத்தால், வாங்குகிறவர் நம்மையே கையெடுத்துக் கும்பிடுவார். ஆண்டவருக்குச் சேரவேண்டிய மகிமையை நாம் வைத்துக்கொண்டவர்களாவோம். பெயரை மறைப்பது தாழ்மை போலத் தோன்றினாலும், அதில் இந்த ஆபத்து இருக்கிறது.

ஒரு சொந்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். 1996இல் என் மனைவி பிரசவத்துக்குப் பின் மூன்று நாட்கள் நினைவின்றிக் கிடந்தபோது, இப்படிப்பட்ட ஒரு மருத்துவமனை வாசலில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். முகம்கூட நினைவில்லாத ஒருவர் எனக்கு ஒரு பன்னும் ஒரு கைப்பிரதியும் கொடுத்தார். அந்தப் பன் அன்றிரவே தீர்ந்துவிட்டது. அந்தத் தாளை இன்றும் என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். அவர் உங்களைப் போல் எண்ணியிருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது. கேள்விப்படாதவரை எப்படி விசுவாசிப்பார்கள் என்று ரோமர் 10இல் பவுல் கேட்பதை நான் என் வாழ்க்கையில் கண்டவன்.

அப்போஸ்தலர் 6ஐயும் பாருங்கள். விதவைகளின் உணவு குறித்து முறுமுறுப்பு எழுந்தபோது, தேவவசனத்தைப் போதியாமல் பந்திவிசாரணை, அதாவது உணவு பரிமாறும் வேலை, செய்வது தகுதியல்ல என்று அப்போஸ்தலர்கள் சொன்னார்கள். எது முதலிடம் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

வேளச்சேரி வாசகி:

நான் கிறிஸ்தவர் அல்ல. இந்த விவாதத்தில் பொட்டலத்தை வாங்குகிற கையும் பேச வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு எங்கள் தெருவில் தண்ணீர் முதல் மாடிப் படிக்கட்டு வரை வந்தது. மறுநாள் எங்களைப் படகில் அழைத்துப் போய், அருகிலிருந்த ஒரு தேவாலயத்தின் கூடத்தில் சேர்த்தார்கள். ஐந்து இரவுகள் அங்கே இருந்தோம். யாரும் எங்கள் பெயரைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்தபோது வெளியே மெல்லிய பாட்டுச் சத்தம் கேட்டது. குழந்தைகள் தூங்குகிறார்கள் என்பதற்காக, அவர்கள் தங்கள் ஆராதனையைக் கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றபடியே நடத்திக்கொண்டிருந்தார்கள். தங்கள் கடவுளை வணங்கும் இடத்தையே எங்கள் குழந்தைகளின் உறக்கத்துக்காக விட்டுக்கொடுத்தவர்களிடம், "நீங்கள் யாரை வணங்குகிறீர்கள்?" என்று நானாகவே கேட்டேன். அன்று அவர்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் மதம் மாறவில்லை. ஆனால் அந்த உரையாடல் என்னுள் இருக்கிறது. அதே பதிலை முதல் நாளே தாளாக நீட்டியிருந்தால், ஈரப் புடவையோடு நின்ற நான் அதை வேறுவிதமாகவே எடுத்துக்கொண்டிருப்பேன்.

"வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து" என்ற குறள் (221) எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. குறியெதிர்ப்பை என்பது அளந்து கொடுத்துவிட்டு அதே அளவைத் திரும்ப எதிர்பார்ப்பது. எதிர்பார்ப்பது பணமாக இல்லாமல் மனமாக இருந்தாலும் அது ஈகையாகாது. வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கியபோது பசியே அங்கு நுழைவதற்கான தகுதியாக இருந்தது. அப்படியிருக்க, சேவையைக் கிறிஸ்தவ விசுவாசத்தின் வெளிப்பாடு என்று தனியே ஏன் பெயரிட வேண்டும் என்பதும் என் கேள்வி.

கடைசி இருக்கை:

இரண்டு தரப்பும் அடிப்படையை மறக்கின்றன. இரட்சிப்பு கிருபையினாலே வருவது, கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், உண்டானதல்ல (எபேசியர் 2:8, 9). சேவையை விசுவாசத்தின் அளவுகோலாக்கினால் நாம் புண்ணியக் கணக்கு எழுதத் தொடங்கிவிடுவோம். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லும் யாக்கோபு நிருபத்தை, சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522இல் வைக்கோல் நிருபம் என்று குறிப்பிட்டது இந்த அச்சத்தினால்தான்.

தாம்பரம் ஆசிரியை:

கடைசி இருக்கைச் சகோதரருக்கு: அடுத்த வசனமான எபேசியர் 2:10ஐயும் சேர்த்து வாசியுங்கள், நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று அது தொடர்கிறது.

பெரம்பூர் சகோதரர் அப்போஸ்தலர் 6ஐ எடுத்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அதிகாரத்தின் கிரேக்க மூலத்தில், விதவைகளுக்கு நாள்தோறும் உணவு பகிர்வதற்கும் வசனத்தைப் போதிப்பதற்கும் டியாக்கோனியா என்ற ஒரே சொல்தான் வருகிறது. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முதலாவதை "அன்றாட விசாரணை" என்றும், பின்னதை "ஊழியம்" என்றும் பிரித்துவிட்டது. இன்று தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் "நான் ஊழியம் செய்கிறேன்" என்றால் அவர் பிரசங்கிக்கிறார் என்றுதான் புரிந்துகொள்கிறோம். கஞ்சி காய்ச்சுகிறார் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தேன் என்று மாற்கு 10:45இல் இயேசு சொன்னபோது அந்தச் சொல்லில் பந்தி பரிமாறுகிறவனின் வேலையும் அடங்கியிருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அந்த வசனத்தையே தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது. ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலை அது. ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் பெண் மருத்துவர் இல்லாமல் இறந்ததைக் கண்டு, அதற்காகவே மருத்துவம் படித்துத் திரும்பி வந்தவர் அவர்.

எனினும், இராயபுரம் ஐயாவின் தரப்பிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவரும், சென்னையை மையமாகக் கொண்டு ஒய்.எம்.சி.ஏ.வில் பல ஆண்டுகள் பணியாற்றியவருமான வி.எஸ். அசரியா எழுந்து மேல்நாட்டு மிஷனரிகளை நோக்கிப் பேசினார். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருள்களைக் கொடுத்தீர்கள், உங்கள் உடல்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் அவர் பேசியது மிஷனரிகள் பலரைப் புண்படுத்தியது. அவர் எடுத்தாண்டது 1 கொரிந்தியர் 13:3. எனக்கு உண்டான யாவற்றையும் நான் அன்னதானம்பண்ணினாலும் அன்பு எனக்கிராவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று தமிழில் வாசிக்கிறோமே, அதே வசனம். இரண்டே ஆண்டுகளில், 1912இல், அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

ஐயா, எட்டு ஆண்டுகளில் அந்த வாசலில் நீங்கள் உணவு கொடுத்தவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? எத்தனை பேரோடு அமர்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டீர்கள்? உங்களைக் குற்றப்படுத்தக் கேட்கவில்லை. என் சொந்த ஊரில் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அந்தச் சபையும் கிறிஸ்துமஸுக்கு ஏழைகளுக்குப் புடவை கொடுக்கிறது. கொடுப்பது எளிது, சமமாக உட்காருவது கடினம் என்பதை நான் அங்கேதான் கண்டேன். கைப்பிரதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நின்றுகொண்டு கொடுக்கிற கைக்கும் உட்கார்ந்து வாங்குகிற கைக்கும் இடையிலுள்ள உயரம் குறைவதில்லை.

வேளச்சேரி அம்மாவுக்கு: சேவை எங்களுக்கு மட்டும் உரியது என்று நான் சொல்லமாட்டேன். பெரிய வியாழனன்று தம் சீஷருடைய கால்களைக் கழுவியவரை ஆண்டவர் என்று அழைத்துவிட்டு, அதைச் செய்யாமலிருக்க எங்களுக்கு வழியில்லை என்று மட்டும் சொல்வேன். அந்தப் பெயர் எங்களுக்கு உரிமை தருவதற்காக அல்ல, எங்களைக் கணக்குக் கேட்பதற்காக இருக்கிறது.

பெரம்பூர் ஊழியன்:

சகோதரி, அந்தக் கிரேக்கச் சொல் பற்றி நான் அறிந்திருக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரே சொல் என்றால் இரண்டும் சேர்ந்தே போகவேண்டும் என்றல்லவா ஆகிறது? வசனத்தைக் கழித்துவிட்டு உணவை மட்டும் வைத்துக்கொள்ள அது அனுமதி தரவில்லை. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவும் மதத்தைப் பரப்பும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது.

கீழ்ப்பாக்கம் செவிலியர்:

சட்டத்தைக் குறிப்பிட்டதால் பதில் சொல்கிறேன். பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் என் கவலை சட்டம் அல்ல. நான் கத்தோலிக்கர், அரசு மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மகன் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது ஒரு தாய் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்; வேண்டாம் என்று சொன்னால் உள்ளே கவனிப்புக் குறைந்துவிடுமோ என்று பயப்படுவார். கொடுப்பவருக்கும் மருத்துவமனைக்கும் தொடர்பில்லை என்பது அவருக்குத் தெரியாது. மறுக்க முடியாத நிலையில் இருப்பவரின் சம்மதம் சம்மதமாகாது. பெரம்பூர் சகோதரருக்கு அந்தத் தாள் ஆறுதலானது உண்மை. அதே வாசலில் அது பயமாக மாறிய முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் எல்லோரும் பொட்டலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். 2013இலிருந்து அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் வாசலில் பெரும்பாலான இரவுகளில் உணவுக்குப் பஞ்சமில்லை, சில இரவுகளில் மிஞ்சுகிறது. பஞ்சம் மனிதர்களுக்குத்தான். ஸ்கேன் சீட்டை எந்தக் கட்டடத்தில் கொடுப்பது என்று தெரியாமல் மூன்று முறை அலைகிறவரோடு நடந்து போக ஓர் ஆள் வேண்டும். காப்பீட்டு அட்டைக்கான விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்தவர் வேண்டும். தேவைப்படும்போது இரத்தம் கொடுப்பவர் வேண்டும். இறப்பு நேர்ந்த இரவில், இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, தனியார் வண்டிக்குத் தாலியை அடகு வைக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்பவர் வேண்டும். துணைக்கு ஒருவர் மட்டுமே அனுமதிக்கப்படுவதால், அந்த ஒருவர் குளிக்கவோ உறங்கவோ போகும்போது அந்த இடத்தில் உட்கார ஒருவர் வேண்டும்.

என் தந்தை எங்கள் பங்குக் கோயிலில், ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பால் சபையில் இருந்தார். வாரந்தோறும் இருவர் இருவராக வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள். கொண்டுபோன அரிசியைப் பற்றி அப்பா வீட்டில் சொன்னதில்லை, அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை எப்போது என்று சொல்வார்.

இராயபுரம் சேகரத்தான்:

ஆசிரியை அம்மா கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்: ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. என்னிடம் கேள்வி கேட்ட அந்த மூதாட்டியின் பெயரையும் நான் கேட்கவில்லை. நாற்பது பொட்டலங்களை ஒன்பதரைக்குள் கொடுத்து முடிப்பதிலேயே என் கவனம் இருந்திருக்கிறது.

குழுவுக்கு எழுதப்போகும் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். வாசலில் கைப்பிரதியும் பொட்டலத்தின் மேல் வசனமும் வேண்டாம். யாராவது நீங்கள் யார் என்று கேட்டால் மறைக்காமல் சொல்வோம். இரண்டாவது, பொட்டலங்களைப் பாதியாகக் குறைத்து, அந்த நேரத்தில் செவிலியர் அம்மா சொன்ன வேலைகளுக்கு ஆள் தருவோம். குழு மறுத்தால் சபையின் பெயரில்லாமல் நான் தனியாகவாவது போவேன்.

பெரம்பூர் ஊழியன்:

கைப்பிரதி வேண்டாம் என்பதில் என் மனம் இன்னும் இணங்கவில்லை, ஐயா. அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் 1996இல் அந்த வாசலில் எனக்குப் பதிலாக ஒரு மணி நேரம் உள்ளே உட்கார ஒருவர் கிடைத்திருந்தால், அந்த மூன்று இரவுகளில் நான் ஒரு முறையாவது உறங்கியிருப்பேன் என்பதை இப்போதுதான் நினைத்தேன். சனிக்கிழமை நானும் வருகிறேன். தாள்களை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.

கீழ்ப்பாக்கம் செவிலியர்:

வரும்போது எழுதுகிற பேனா இரண்டு எடுத்து வாருங்கள். வாசல் மேசையில் கட்டியிருக்கும் பேனா எழுதுவதே இல்லை. கண்ணாடி போடுபவர் என்றால் அதையும் மறக்க வேண்டாம், விண்ணப்பத்தில் எழுத்து மிகச் சிறியது.