ஸ்கிரீன் ரீடரோடு டெஸ்க்டாப்: நடுவில் தொலைந்துபோகிறேன், எப்படிப் பழகினீர்கள்?

அந்திவானம் கேட்டது:

வணக்கம். எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பது மட்டும் தெரிகிறது. முன்பெல்லாம் மவுஸ்தான் எல்லாம். எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சமாளித்தேன், இனி அதுவும் நடக்காது. போனில் திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் டாக்பேக் நன்றாகவே பழகிவிட்டது. ஆனால் என் வேலை கணக்கு எழுதுவது. டெஸ்க்டாப் இல்லாமல் ஆகாது.

விண்டோஸ் 11-ல் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் மென்பொருள்) போட்டிருக்கிறேன். ஷார்ட்கட் பட்டியலை மனப்பாடமே செய்துவிட்டேன். இருந்தும் கொஞ்ச நேரத்தில் எங்கேயாவது மாட்டிக்கொள்கிறேன். டேப் தட்டிக்கொண்டே போனால் முடிவே வருவதில்லை. பிரவுசரில் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால், ஹெச் அடித்தால் எழுத்து விழாமல் பக்கத்தில் வேறெங்கோ தாவுகிறது. சில சமயம் பேச்சே நின்றுவிடுகிறது. மகள் வந்து மவுஸால் ஒரு க்ளிக் செய்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. அவள் என்ன செய்தாள் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

காசு கொடுத்து ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரை வாங்கினால் எளிதாகுமா? நீங்களெல்லாம் எங்கிருந்து தொடங்கினீர்கள்?

ஒலிவழி எழுதியது:

வணக்கம் அந்திவானம். நான் பிறவியிலேயே பார்வையில்லாதவள். இடையில் பார்வை இழந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருவதுதான் என் வேலை. நீங்கள் சொல்வதை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முதலில் ஷார்ட்கட் பட்டியலை ஓரமாக வையுங்கள். உங்களுக்குக் குறைவது விசைகள் அல்ல, இருக்கும் இடம். போனில் விரல் தொட்ட இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். திரையின் மேல் ஓரம், கீழ் ஓரம் எல்லாம் கைக்குத் தெரியும். டெஸ்க்டாப்பில் அப்படி எதுவும் இல்லை. ஃபோகஸ் என்று ஒரே ஒரு புள்ளி. அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் நீங்கள். மவுஸ் காலத்துப் பழக்கத்தில் மனதுக்குள் முழுத் திரையையும் வரைந்துகொண்டு, 'சேவ் பட்டன் வலது மூலையில் இருக்கும்' என்று தேடப் போனால் கிடைக்காது. அந்தப் புள்ளி எங்கே என்று மட்டும் கேட்கப் பழகுங்கள்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்செர்ட் விசைதான் அது) டி (T): எந்த விண்டோவில் இருக்கிறேன்? என்விடிஏ விசையோடு டேப்: எந்தப் பொருளின் மேல் நிற்கிறேன்? என்விடிஏ விசையோடு மேல் அம்பு: இந்த வரியில் என்ன இருக்கிறது? (லேப்டாப் அமைப்பு வைத்திருந்தால் மூன்றாவதற்கு எல்.) என்னிடம் படிக்க வருகிறவர்களை ஆரம்பத்தில் நான் எதையும் திறக்கச் சொல்வதில்லை. வேண்டுமென்றே எங்கேயாவது போகச் சொல்லி, இந்த மூன்றையும் கேட்டுத் தான் இருக்கும் இடத்தை எனக்குச் சொல்லச் சொல்வேன். அது கைவந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். பயம் போனால்தான் மற்றது ஏறும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது டேப். டேப் அறை விட்டு அறை போவதற்கு, அம்பு விசைகள் அறைக்குள் நடப்பதற்கு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையும் ஈயும் அழுத்தித் திறந்து டேப் தட்டிக்கொண்டே போனால் முகவரிக் கட்டம், தேடும் கட்டம், ஃபோல்டர் மரம், கோப்புப் பட்டியல் என்று சுற்றிச் சுற்றி வரும். கோப்புப் பட்டியலுக்கு வந்ததும் டேப்பை நிறுத்திவிட வேண்டும். இன்னொரு முறை தட்டினால் வெளியே வந்துவிடுவீர்கள். உள்ளே கீழ் அம்பு, மேல் அம்பு. கோப்பின் பெயர் தெரிந்தால் முதல் இரண்டு மூன்று எழுத்தை வேகமாக அடியுங்கள், நேராக அங்கே போய் நிற்கும். ஃபோல்டர் மரத்தில் வலது அம்பு கிளையை விரிக்கும், இடது அம்பு மூடும். ரேடியோ பட்டன்களிலும் மெனுவிலும் இதே கதைதான். ஒரு தொகுதிக்குள் போக டேப், உள்ளே அம்பு. டேப்புக்கு முடிவு வராததன் காரணம் புரிகிறதா? அது கடைசிக்குப் போனதும் மறுபடி முதலுக்கு வந்துவிடும்.

இன்னொன்று. பேச்சை முழுதாகக் கேளுங்கள். என்விடிஏ முதலில் பெயரைச் சொல்லும், பிறகு வகை, பிறகு நிலை, பட்டியலாக இருந்தால் எத்தனையில் எத்தனையாவது என்றும் சொல்லும். பெயரைக் கேட்டதுமே அடுத்த விசையை அழுத்திவிடுவார்கள், மீதிப் பேச்சு வெட்டுப்பட்டுவிடும். 'செக் பாக்ஸ், நாட் செக்டு' என்ற வால் பகுதியில்தான் ஸ்பேஸ் தட்ட வேண்டுமா, எண்டர் தட்ட வேண்டுமா, அம்பு போட வேண்டுமா என்ற விஷயமே இருக்கிறது. திடீரென்று ஒரு டயலாக் வந்து நின்றால் என்விடிஏ விசையோடு பி (B). அதில் இருப்பதை மொத்தமாக வாசித்துவிடும்.

ஹெச் பிரச்சினைக்கு வருகிறேன். வலைப்பக்கத்தை என்விடிஏ ஒரே நீளமான ஆவணமாக அடுக்கிக்கொண்டுதான் உங்களுக்குத் தருகிறது. பக்கவாட்டில் இருந்த பத்திகள் எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். அந்த ஆவணத்தில் நடப்பது பிரவுஸ் மோடு. அங்கே எழுத்து விசைகள் எழுதுவதற்கில்லை: ஹெச் தலைப்புக்கு, கே இணைப்புக்கு, ஈ எழுதும் கட்டத்துக்கு, பி (B) பட்டனுக்கு, டி (T) அட்டவணைக்கு. ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் பின்னோக்கிப் போகும். எழுதுவதற்கு ஃபோகஸ் மோடு வேண்டும். எழுதும் கட்டத்தில் எண்டர் தட்டினால் அதற்குள் போகும், எஸ்கேப் தட்டினால் வெளியே வரும். என்விடிஏ விசையும் ஸ்பேஸும் இரண்டுக்கும் இடையே மாற்றும். மாறும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஒலி வரும். அந்த இரண்டு ஒலிகளையும் காதில் ஏற்றிக்கொள்ளும்வரை ஒரே இடத்தில் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். எழுதத் தொடங்குமுன் அந்த ஒலி கேட்டதா என்று கவனித்தால் போதும், எழுத்து தாவாது.

பேச்சு நின்றால்: என்விடிஏ விசையும் எஸ்ஸும் பேச்சை நிறுத்தும், பீப் ஒலியாக மாற்றும். கண்ட்ரோல் எஸ் என்று நினைத்து விரல் இடம் மாறினால் இது நடக்கும். திரும்பத் திரும்பத் தட்டினால் பேச்சு வந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், என்விடிஏ புதிதாகத் தொடங்கும். அதுவும் இல்லையென்றால் விண்டோஸ், கண்ட்ரோல், எண்டர்: விண்டோஸோடு வரும் நரேட்டர் பேசும். எங்கே இருந்தாலும் விண்டோஸ் விசையும் எம்மும் அழுத்தினால் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடலாம். இந்த நாலும் கைக்கு வந்துவிட்டால் மகளைக் கூப்பிட வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.

கட்டம்கூட்டு எழுதியது:

நானும் கணக்கு ஆள்தான், ஜாஸ், என்விடிஏ இரண்டையும் பயன்படுத்துகிறேன். இப்போதைக்கு ஜாஸுக்குக் காசு செலவழிக்காதீர்கள். என்விடிஏவை 2006-ல் தொடங்கிய மைக்கேல் கர்ரனே பார்வையற்றவர். காசு இல்லை என்பதால் ஒருவர் கம்ப்யூட்டரை விட்டு விலகி நிற்கக் கூடாது என்பதற்காகவே அது இலவசம். இலவசம் என்பதால் மட்டம் இல்லை. பிறகு ஜாஸையும் பார்க்க ஆசை வந்தால், 40 நிமிடம் ஓடும் சோதனை முறையில் காசில்லாமல் பார்க்கலாம். நேரம் முடிந்ததும் கம்ப்யூட்டரை மறுபடி தொடங்க வேண்டும், அவ்வளவுதான். தலைப்புக்கு ஹெச், பட்டனுக்கு பி, அட்டவணைக்கு டி எல்லாம் அதிலும் அப்படியே. இப்போது கற்பது எதுவும் வீணாகாது.

எக்ஸெலில் உங்களுக்கு உடனே கைகொடுப்பது ஒன்று உண்டு. முதல் வரிசையில் தேதி, விவரம், பற்று, வரவு என்று தலைப்புகள் இருக்கிறது என்று வையுங்கள். 'தேதி' செல்லில் நின்று என்விடிஏ விசை, ஷிஃப்ட், சி அழுத்துங்கள். அதற்குப் பிறகு கீழே எந்த வரிசையில் இருந்தாலும், பக்கவாட்டில் நகரும்போது 'பற்று' என்று சொல்லிவிட்டுத் தொகையைச் சொல்லும். சி14 எந்தப் பத்தி என்று நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. இடது ஓரத்தில் பெயர்கள் இருந்தால் சிக்குப் பதில் ஆர். இந்த ஏற்பாடு அந்தக் கோப்பிலேயே பதிந்துவிடும், ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டாம். நூற்றுக்கணக்கான வரிசை உள்ள லெட்ஜரில் இது இல்லாமல் நான் வேலையே செய்வதில்லை.

ஒரு விஷயத்தில் ஒலிவழி அக்காவிடமிருந்து கொஞ்சம் மாறுபடுகிறேன். மூன்று கேள்விக்கும் முன்னால் என்விடிஏ விசையும் 1-ம். இன்புட் ஹெல்ப் வந்துவிடும். அதற்குப் பிறகு எந்த விசையை அழுத்தினாலும் பெயரையும் வேலையையும் சொல்லும், எதையும் செய்யாது. கீபோர்டைப் பார்த்தே பழகியவருக்கு விரல் இன்னும் தடுமாறும். எஃப், ஜே மேலிருக்கும் சின்ன மேட்டையும் நம்பர் பேடில் 5 மேலிருப்பதையும் பிடித்துக்கொண்டு முழு கீபோர்டையும் அதில் தடவிப் பழகுங்கள். மறுபடி என்விடிஏ விசையும் 1-ம் அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

குரலுக்கு: விண்டோஸில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற குரல் வரும். தமிழ்க் கடிதங்களுக்கு அது நல்லது. மெனு, பட்டன் எல்லாம் எனக்கு என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல்தான். கரகரவென்று இருக்கும், ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொல் தெளிவாகப் பிரியும். இப்போதே வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

பக்கத்துநாற்காலி எழுதியது:

எனக்குப் பார்வை உண்டு, என் கணவருக்கு இல்லை. இது உங்கள் மகளுக்கு. அவர் க்ளிக் செய்யும்போது ஃபோகஸை வேறொரு இடத்துக்கு நகர்த்திவிடுகிறார். அப்பாவுக்கு அது எங்கே போனது என்று தெரியாது. உதவிக்கு உட்காரும்போது மவுஸைத் தொட வேண்டாம், அவருடைய கீபோர்டிலேயே செய்யட்டும். என்விடிஏ மெனுவில் டூல்ஸுக்குள் ஸ்பீச் வியூவர் இருக்கிறது. அது பேசுவதையெல்லாம் எழுத்தாகக் காட்டும். வேகமான பேச்சு எங்களுக்குப் புரியாதபோது அதைப் பார்த்தே பேசுவோம். அப்புறம், 'அங்கே இருக்கிறது பாருங்க' என்று சொல்லாமல் 'ரெண்டு டேப், அப்புறம் கீழ் அம்பு' என்று சொன்னால் உண்மையாகவே உதவி. 2025.1 பதிப்பிலிருந்து ரிமோட் ஆக்ஸஸ் என்விடிஏவுக்குள்ளேயே இருக்கிறது. தூரத்தில் இருக்கும் இன்னொரு என்விடிஏ பயனரும் கூடவே கேட்டுச் சொல்லித் தரலாம்.

அந்திவானம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு மோடு ஒலிகளும் இப்போது பிரித்துத் தெரிகிறது. இன்று ஒரு மின்னஞ்சலை நானே எழுதி அனுப்பினேன். எக்ஸெல் தலைப்பு விஷயம் கேட்டபோது கண் கலங்கிவிட்டது, கட்டம்கூட்டு. என் வேலை திரும்பக் கையில் வந்த மாதிரி இருந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அலுவலகத்தில் ஒரு மென்பொருள். அதில் டேப் தட்டினால் 'பட்டன், பட்டன், பட்டன்' என்கிறது, பெயரே இல்லை. சில இடங்களுக்கு டேப் போவதே இல்லை. இது என்விடிஏ கோளாறா?

ஒலிவழி எழுதியது:

மின்னஞ்சல் போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

இல்லை, அது மென்பொருளை எழுதியவர்கள் பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டது. படத்தை மட்டும் வரைந்துவிட்டுப் போய்விடுவார்கள். பெயர் கொடுக்காவிட்டால் எந்த ஸ்கிரீன் ரீடருக்கும் சொல்ல எதுவும் இருக்காது. உங்களுக்குத் தெரியவில்லை என்று ஒருபோதும் நினைக்காதீர்கள்.

அந்த விண்டோவில் என்விடிஏ விசையும் ஆரும் அழுத்திப் பாருங்கள். விண்டோஸின் எழுத்துணரி அப்போது நீங்கள் நிற்கும் பொருளில் தெரியும் எழுத்தைப் படித்துத் தரும். அம்பு விசையால் வரி வரியாகப் போகலாம், வேண்டிய சொல்லின் மேல் எண்டர் தட்டினால் அந்த இடத்தைக் க்ளிக் செய்யும், எஸ்கேப் தட்டினால் வெளியே வரலாம். ஸ்கிரீன் கர்ட்டன் போட்டுத் திரையைக் கறுப்பாக்கி வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் படிக்க எதுவும் கிடைக்காது.

டேப் போகாத இடத்துக்கு ஆப்ஜெக்ட் நேவிகேஷன் உண்டு. கீபோர்டின் நம் லாக் (Num Lock) விசையை அணைத்துவிட்டு, என்விடிஏ விசையோடு நம்பர் பேடில் 4, 6 பக்கத்துப் பொருளுக்கு, 2 உள்ளே, 8 வெளியே. பிடித்ததை அழுத்த என்விடிஏ விசையோடு நம்பர் பேட் எண்டர். இது கொஞ்சம் பொறுமை கேட்கும். அதனால்தான் முதல் பதிலில் சொல்லவில்லை. முதலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கால்குலேட்டரில் பழகிவிட்டு அலுவலக மென்பொருளுக்குப் போங்கள்.

எந்தத் திரையில், எத்தனையாவது டேப்பில் பெயர் இல்லாத பட்டன் வருகிறது என்று குறித்துக்கொண்டு அவர்களுக்கு எழுதியும் போடுங்கள். 'ஸ்கிரீன் ரீடரில் வேலை செய்யவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் கடந்துபோய்விடுவார்கள், இடத்தைக் காட்டினால் திருத்துவது அவர்களுக்குச் சின்ன வேலைதான். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் இங்கேயே கேளுங்கள், சேர்ந்து எழுதுவோம்.