கேக் விற்ற காசில் இயக்கம் நடக்குமா?

நீர்வழி: நேற்று நிதி திரட்டும் பயிற்சியில் கேட்டது இன்னும் ஆறவில்லை. "வீடு வீடாகப் போய்ச் சிறு நன்கொடை கேட்பது நேர விரயம், அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம் எழுதப் பழகுங்கள்" என்கிறார் பயிற்சியாளர். சமூக நீதிக்காக நிற்கும் சின்ன அமைப்புகளிடம் சொல்லும் பேச்சா இது? அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், பேருந்தில் காட்டிய இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 1955-இல் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நின்றது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு சாண்ட்விச்சும் கேக்கும் விற்று, கூட்டந்தோறும் காசைக் கொண்டுவந்து கொட்டினார். எந்த விண்ணப்பம் எழுதினார்?

பேரேடு: போன மாதமும் இதே கேக் கதைதான். வெளியூர்த் தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் அனுப்பிய பணத்தை ஏன் மறைக்கிறீர்கள், தோழர்? பேருந்தில் ஏறாத ஊரையே காரில் ஏற்றிப்போனார்கள். அத்தனை பெட்ரோலும் கேக்கிலா வந்தது?

நீர்வழி: முழுப் பணமும் கேக்கில் வந்தது என்று நான் எங்கே சொன்னேன்? கில்மோர் குழுவின் பெயரே 'எங்குமில்லாச் சங்கம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "எங்கிருந்தும் இல்லை" என்று சொல்லிவிடலாம், கொடுத்தவருக்கு ஆபத்து வராது. கில்மோருக்கு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதால் வேலையே போனது. அப்படிப்பட்ட காலத்தில் ரகசியமாகக் கொடுத்தார்கள். விண்ணப்பம் எழுதி வாங்கும் காசில் இந்த நம்பிக்கை இருக்குமா?

பேரேடு: நம்பிக்கையை யார் கேட்டது? வெளியூர்ப் பணம் வந்ததா, இல்லையா?

கிளைக்குரல்: குறுக்கே வருகிறேன். நீர்வழி, சின்ன அமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? சம்பள ஊழியரே இல்லாததையா?

நீர்வழி: அது அப்புறம். பேரேடு, வெளியூர்ப் பணம் வந்தது! தேவாலயத்தில் தட்டு ஏந்திச் சேர்த்ததும் சாதாரண மக்களின் காசுதானே? அறக்கட்டளைப் பணம் பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கென்று கட்டிப்போடப்பட்டு வரும். அப்படி வந்தால் வாடகைக்கோ வழக்குச் செலவுக்கோ தொட முடியாது. கெடு முடிந்தால் அலுவலகத்தைப் பூட்ட வேண்டியதுதான். மாதாமாதம் கொடுக்கும் இருநூறு பேர் ஒரே நாளில் நின்றுபோக மாட்டார்கள்.

பேரேடு: அந்த இருநூறு பேரின் பட்டியல் எங்கே? நம் பழைய குழுவில் அது ஒருவர் கைப்பேசியில் இருந்தது, அவரோடு போய்விட்டது. ரசீதும் இல்லை, நன்றிக் கடிதமும் இல்லை.

நீர்வழி: அந்த ஒருவர் நான்தான். இரண்டு வருடம் ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொண்டேன். உதவிக்குக் கூப்பிட்டபோது நீங்கள் அறக்கட்டளைக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

பேரேடு: அந்த அறிக்கையால்தான் குழு ஒரு வருடம் கூடுதலாக உயிரோடு இருந்தது.

தளிர்: பயிற்சியில் ஒன்று மட்டும் உருப்படி. தொகையைச் சொல்லிக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும். போன வாரம் செய்து பார்த்தேன், நினைத்ததைவிட அதிகம் கொடுத்தார்கள்.

பேரேடு: யாரிடம் கேட்டீர்கள்? உறவினரிடம்தானே?

தளிர்: உறவினர் காசு காசில்லையா? நீங்கள் இதுவரை எத்தனை பேரிடம் நேரில் கேட்டிருக்கிறீர்கள்?

நீர்வழி: அப்படிக் கேளுங்கள், தளிர். கில்மோரும் தோழிகளைத்தான் சேர்த்துக்கொண்டார்.

பேரேடு: மறுபடியும் கேக்கா? பெட்ரோல் கணக்கைக் காட்டுங்கள், பேசலாம்.

நீர்வழி: காட்டுகிறேன். அதற்கு முன் அந்த அறிக்கையில் என் பெயர் ஏன் இல்லை என்று சொல்லுங்கள்.