நிதித்துறை இணை அமைச்சரின் பணி என்ன? மாணவிக்குச் சொல்ல வேண்டும்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்):
கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் குடிமையியல் நடத்துகிறேன். மத்திய நிதிநிலை அறிக்கையை ஒருவரே வாசிக்கும்போது அத்துறைக்கு இணை அமைச்சர் எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். கேபினட் அமைச்சருக்கு அடுத்த நிலை என்று சொல்லி வைத்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அவருக்கென்று தனி அதிகாரம் உண்டா?

பதில் (பாலக்காடு, வரித்துறையில் ஓய்வு பெற்றவர்):
வணக்கம் ஐயா. கேபினட் கூட்டத்தில் அவருக்கு நிரந்தர இடமில்லை, அழைத்தால் போகலாம். எந்தக் கோப்பு அவரிடம் போக வேண்டும் என்பதை மூத்த அமைச்சரே பகிர்ந்தளிக்கிறார். நாடாளுமன்றக் கேள்விகளுக்கு எழுத்து மூலம் தரப்படும் பதில்களில் பெரும்பாலும் இணை அமைச்சரின் பெயரைத்தான் காண்பீர்கள். முன்பு அவருக்கும் கீழே துணை அமைச்சர் என்றொரு படி இருந்தது. 1958இல் தாரகேஸ்வரி சின்ஹா நிதித்துறையில் அப்பொறுப்பை ஏற்றார்.

மாணவிக்கு அவசியம் சொல்ல வேண்டியது நெருக்கடி நிலைக் காலத்துச் செய்தி. அப்போது நிதியமைச்சர் நம் பக்கத்துப் பொள்ளாச்சிச் சீமையைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். ஆனால் வருவாயையும் வங்கிகளையும் தனியே பிரித்து, இணை அமைச்சராக இருந்த பிரணாப் முகர்ஜியிடம் தனிப்பொறுப்பாகக் கொடுத்துவிட்டார்கள். பதவியின் பெயர் சிறியதுதான். வரி வசூலும் வங்கியும் அவர் கையில் இருந்தன.

பதில் (வேலந்தாவளம், சிமெண்ட் வியாபாரி):
ஓர் இடத்தில் மட்டும் மூத்த அமைச்சரின் தயவு தேவையில்லை, ஐயா. அரசமைப்புச் சட்டத்தின் 279ஏ பிரிவு, ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு நிதியமைச்சரைத் தலைவராகவும், வருவாய் அல்லது நிதிக்குப் பொறுப்பான இணை அமைச்சரை உறுப்பினராகவும் வைக்கிறது. அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு மாநில எல்லைச் சாவடியில் என் லாரி விடிய விடிய முறைக்காகக் காத்துக்கிடந்த நாட்கள் உண்டு. எங்களைப் போன்றவர்கள் கட்டும் வரியின் விகிதத்தைப் பரிந்துரைக்கும் அவையில் அவருக்கு நாற்காலி இருக்கும்போது, அது பெயரளவுப் பதவி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பதில் (சித்தூர்):
1980களில் நிதித்துறை இணை அமைச்சராக இருந்த ஜனார்த்தன பூஜாரி நாடெங்கும் கடன் மேளாக்கள் நடத்தினார். திருப்பிக் கட்டுவார்களா என்று பாராமல் வாரிக் கொடுத்ததாக அவர் மீது கடுமையான விமர்சனமும் உண்டு. அப்படியொரு பந்தலில் வரிசையில் நின்று என் அப்பா கறவை மாட்டுக்குக் கடன் வாங்கினார். பாஸ்புக்கை மஞ்சள் பையில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். கடைசித் தவணை வரை கட்டியும் முடித்தார்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நாளை வகுப்பில் 279ஏ பிரிவை அந்த மாணவியையே வாசிக்கச் சொல்கிறேன்.