மோக்கா துறைமுகம் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஏமனில் இருக்கும் மோக்கா துறைமுகத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன், இப்போது முழிக்கிறேன். கப்பல்காரர்கள் பக்கத்துக் கதை நிறையக் கிடைக்கிறது. 1610-இல் வந்த ஆங்கிலேயர் ஹென்றி மிடில்டனை அப்போது அங்கே ஆண்ட துருக்கியர் பிடித்து அடைத்ததும், அடுத்த வருடம் அவர் பீப்பாய்க்குள் ஒளிந்து கப்பலுக்குத் தப்பியதும் அப்படியே சினிமாக் காட்சி. 1616-இல் டச்சுக்காரர்கள், 1737-இல் கடன் பாக்கிக்காக ஊர் மேல் குண்டு போட்ட பிரெஞ்சுக்காரர்கள், இதெல்லாம் சரி.

எனக்கு வேண்டியது கரையில் இருந்தவர்களின் கதை. மலையில் விளைந்த காப்பி பைத் அல்-ஃபகீஹ் சந்தையில் கைமாறி ஒட்டகத்தில் ஏறி மோக்காவுக்கு வந்தது, அங்கே வெள்ளிக் காசோடு காத்திருந்த ஐரோப்பியருக்குத் தரகு பார்த்தவர்கள் பெரும்பாலும் குஜராத்திலிருந்து போன பனியா வணிகர்கள். கோட்டை கொத்தளம் எதுவும் ஐரோப்பியருக்குக் கிடையாது, ஊருக்குள் வாடகை வீடுதான். கொட்டையை விற்றுவிட்டு உள்ளூர்க்காரர்கள் அதன் தோலைக் காய்ச்சி ‘கிஷ்ர்’ என்று குடித்தார்களாம், இன்றும் குடிக்கிறார்கள்.

அந்தத் தரகர்கள், படகோட்டிகள், சுமை தூக்கியவர்கள் பற்றித் தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ படிக்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஊரின் பழைய படங்கள் இருந்தாலும் அனுப்புங்கள். அப்புறம், வளைகுடாவில் இருப்பவர்கள் யாராவது கிஷ்ர் குடித்திருக்கிறீர்களா, எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.