முகூர்த்தப் பட்டுக்கு நம்பகமான உற்பத்தியாளர் தேவை

வணக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் மூன்று ஊரிலும் எங்களுக்கு ஜவுளிக்கடை இருக்கிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கான பட்டுச் சேலைகளை மூன்று கடைக்கும் ஒரே இடத்தில் எடுக்க நினைக்கிறோம். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ சொந்தத் தறியும் சாயப்பட்டறையும் வைத்திருப்பவர் யாரையாவது தெரியுமா?

முக்கியமான சிக்கல் சாயம்தான். இதுவரை வாங்கியவரிடம் அரக்கு நிறம் கேட்டால், இரண்டாவது லாட் மெரூனாக வந்து நிற்கிறது. ஒரு கடையில் பார்த்துவிட்டு இன்னொரு கடைக்கு எடுக்க வந்த பெண் வீட்டார், "நாங்க பார்த்தது இது இல்லையே" என்று திரும்பிப் போனார்கள்.

அப்புறம் ஜரிகை. சில்க் மார்க் பட்டுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று அது சொல்லாது. வெள்ளிச் சதவீதத்தை பில்லிலேயே எழுதித் தருபவர் வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் தறியிலேயே கோர்த்து வரும் கோர்வைச் சேலையை அவசரப்படுத்த முடியாது, தெரியும். முன்பணம் இப்போதே தருகிறோம். ஆடி முடிவதற்குள் சரக்கு கடைக்கு வந்துவிட வேண்டும்.

நெசவுப் பழுது இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களா என்பதையும், வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.