புதுப்பிப்பு: ஏற்காடு ஆப்பில் வரைபடம் வந்துவிட்டது

ஏற்காடு சுற்றுலா ஆப்பில் கூகுள் மேப் ஆண்ட்ராய்டில் மட்டும் வெள்ளையாக நிற்கிறது, ஐபோனில் சரியாக வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்ந்தது.

வெப் பக்கங்களை மொபைல் ஆப்பாக மாற்றும் கருவியான கெப்பாசிட்டரின் கூகுள் மேப்ஸ் பிளகின், ஆண்ட்ராய்டில் நேட்டிவ் வரைபடத்தை வெப்வியூவுக்கு (ஆப்புக்குள் வெப் பக்கத்தைக் காட்டும் பகுதி) அடியில் வரைகிறது. மேலே உள்ள பக்கத்துக்குப் பின்னணி நிறம் இருந்தால், ஜன்னலில் திரை போட்ட மாதிரி மூடிவிடும். அதனால் பக்கத்தில் வரைபடத்தை உள்ளடக்கிய எலிமெண்ட்டுகள் எல்லாமே டிரான்ஸ்பரண்ட்டாக இருக்க வேண்டும். ஆப்பின் திரைகளை அயானிக் என்ற யூஐ ஃபிரேம்வொர்க்கில் செய்திருந்தால், பக்க உள்ளடக்கத்தைத் தாங்கும் அதன் அயான்-கன்டென்ட்டும் சேர்த்து. ஐஓஎஸ்ஸில் வெப்வியூவுக்குள் இருக்கும் ஸ்க்ரோல் வியூவிலேயே வரைபடம் உட்காருவதால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், வரைபட எலிமெண்ட்டுக்கு அகலமும் உயரமும் சிஎஸ்எஸ்ஸில் கொடுத்தே ஆக வேண்டும்.

லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி எல்லாம் இப்போது தெரிகின்றன. அடுத்து சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதைக்குப் பாலிலைன் (புள்ளிகளை இணைத்து வரைபடத்தில் போடும் கோடு) போட வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகள். புள்ளி குறித்தே கை வலிக்கும்!